லிப்ரா: ஃபேஸ்புக் அடிக்க நினைத்த நாணயம்



என் சித்தப்பா 2000-களில் ஷார்ஜாவில் கட்டட வேலை பார்த்தார். வாரத்தில் ஒரே நாள் லீவு, வெள்ளிக்கிழமை. மாசத்தோட முதல் வெள்ளிக்கிழமையில் பாதி நாள் எக்ஸ்சேஞ்ச் கடை வரிசையிலேயே போய்விடும். அனுப்புவதற்கு ஒரு கமிஷன், அது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத வெட்டு ரேட்டில் இருக்கும். பேப்பரில் திர்ஹாமுக்கு ஒரு ரேட் போட்டிருக்கும், கவுண்டரில் அதைவிடக் குறைச்சுத்தான் கிடைக்கும். பணம் ஊர் வந்து சேர இரண்டு மூன்று நாள். அவசரம்னா உண்டியல். போனில் ஒரு நம்பரைச் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் யாரோ ஒருத்தர் பைக்கில் வந்து சித்தி கையில் காசைக் கொடுத்துவிட்டுப் போவார். சட்டப்படி தப்பு. ஆனா ரேட் நல்லா இருக்கும். "பேங்க்ல அனுப்புனா மூணு நாள் தூக்கம் போவும், உண்டியல்ல அனுப்புனா ஒரு நாள்தான் போவும்" என்பார் சித்தப்பா.

இந்த எபிசோட் சித்தப்பாவைப் பற்றியது இல்லை. ஆனா அவர் நின்ன அந்த வரிசை முக்கியம். ஏன்னா 2019-ல், உலகத்தின் மிகப் பெரிய சோஷியல் மீடியா கம்பெனி, இந்த வரிசையில் நிற்கிற ஆட்களைக் காட்டித்தான் 'நாங்க ஒரு புதுக் காசு கொண்டுவரப் போறோம்' என்றது. அந்தக் காசின் பெயர் லிப்ரா. இரண்டரை வருஷத்தில் கதை முடிந்தது. யார் கைக்கும் ஒரு லிப்ரா கூட வந்து சேரவில்லை. அதை யார் நிறுத்தினாங்க, எதுக்கு நிறுத்தினாங்க, வரிசையில் நின்னவங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா, இதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

2019 ஜூன் 18. ஃபேஸ்புக் லிப்ராவை அறிவிக்கிறது. அறிக்கையில் சொன்ன காரணங்கள் நியாயமானவை, அதை முதலிலேயே ஒத்துக்கணும். உலகத்தில் வங்கிக் கணக்கே இல்லாத வயது வந்தவர்கள் 170 கோடிப் பேர், இது உலக வங்கியின் கணக்கு. வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்ப அப்போது சராசரியாக 7 சதவீதம் செலவானது. ஆயிரம் ரூபாய் அனுப்பினால் எழுபது ரூபாய் வழியிலேயே காலி. ஒரு போட்டோவை வாட்ஸ்அப்பில் ஓசியில் அனுப்ப முடியும்போது பணத்தை ஏன் அப்படி அனுப்ப முடியாது? இதுதான் கேள்வி. பொறுப்பாளர் டேவிட் மார்கஸ், அதற்கு முன்னால் பேபால் கம்பெனியின் தலைவராக இருந்தவர்.

ஃபேஸ்புக் தனியாக வரவில்லை, கூட்டமாக வந்தது. ஜெனீவாவில் ஒரு சங்கம், அதில் 28 உறுப்பினர்கள். விசா, மாஸ்டர்கார்டு, பேபால், ஊபர், ஸ்பாட்டிஃபை, வோடஃபோன், அர்ஜென்டினாவில் பிறந்த மெர்காடோ பாகோ, இப்படிப் போகுது பட்டியல். ஒவ்வொருத்தரும் குறைஞ்சது ஒரு கோடி டாலர் போடணும்னு எதிர்பார்ப்பு.

பிட்காயின் மாதிரி இன்னைக்கு ஒரு விலை, நாளைக்கு ஒரு விலை என்று லிப்ரா ஆடாது. நீங்க நூறு ரூபாய் கொடுத்து லிப்ரா வாங்கினால், அதற்கு ஈடான தொகை ஒரு கையிருப்பில் போய் உட்காரும். அந்தக் கையிருப்பு பல நாட்டுப் பணம் கலந்த ஒரு கூடை. கூடையில் எந்தெந்த நாட்டுப் பணம்? செப்டம்பரில் ஜெர்மன் எம்.பி. ஒருவர் கேட்டதற்கு ஃபேஸ்புக் பதில் சொன்னது. அமெரிக்க டாலர் 50 சதவீதம், யூரோ 18, ஜப்பானிய யென் 14, பிரிட்டிஷ் பவுண்டு 11, சிங்கப்பூர் டாலர் 7.

அவ்வளவுதான், நூறு ஆயிடுச்சு. ரூபாய் இல்லை. கென்யாவின் ஷில்லிங் இல்லை, பிரேசிலின் ரியால் இல்லை, நைஜீரியாவின் நைரா இல்லை. வங்கிக் கணக்கு இல்லாத 170 கோடிப் பேரில் பெரும்பாலானவர்கள் எந்தெந்த நாடுகளில் இருக்காங்களோ, அந்த நாடுகளின் பணம் எதுவுமே கூடையில் கிடையாது. காசு அவங்களுக்காக. ஆனா அவங்க காசு அதில் இல்லை.

'இருந்தா என்ன, நல்ல பணமா இருந்தா சரி' என்று உங்களுக்குத் தோணலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோணுச்சு. அர்ஜென்டினாவைப் பார்த்த பிறகு மாத்திக்கிட்டேன்.

அதே 2019, ஆகஸ்ட் 11. அர்ஜென்டினாவில் அதிபர் தேர்தலுக்கான முதல்கட்ட வாக்கெடுப்பு. ஆளும் தரப்பு பலமாகத் தோற்கிறது. மறுநாள் காலை பெசோ சரிந்து விழுகிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு இது புதுசு இல்லை. 2001 டிசம்பரில் ஒரு நாள், வாரத்துக்கு 250 பெசோவுக்கு மேல் உங்க சொந்தக் கணக்கிலிருந்தே எடுக்கக் கூடாது என்று அரசாங்கம் பூட்டுப் போட்ட நாடு அது. அதனால் பெசோ ஆடினால் ஜனங்க உடனே டாலர் வாங்க ஓடுவாங்க. 2019-லும் ஓடினாங்க. செப்டம்பர் 1-ல் அரசாங்கம் ஒரு ஆளுக்கு மாதம் பத்தாயிரம் டாலர்தான் என்று வரம்பு போட்டது. அக்டோபர் கடைசியில் தேர்தல் முடிந்த கையோடு அதை 200 டாலராகக் குறைத்தது. மத்திய வங்கியின் அன்னியச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது, வேற வழி தெரியலை.

இப்போ ஒரு கற்பனை. அந்த ஆகஸ்ட் 12 காலையில், அர்ஜென்டினாவில் எல்லாருடைய வாட்ஸ்அப்பிலும் ஒரு லிப்ரா பட்டன் இருந்திருந்தால்? பேங்க் வாசலில் வரிசை இல்லை, கறுப்புச் சந்தைத் தரகர் இல்லை, காலைக் காப்பி குடிக்கிற நேரத்தில் ஒரு நாட்டின் சேமிப்பில் பெரும்பகுதி பெசோவை விட்டு வெளியே போயிருக்கும். மாதம் 200 டாலர் என்ற வரம்பை எந்தக் கவுண்டரில் போய் அமல்படுத்துவீங்க?

இதில் எனக்கு லேசான தீர்ப்பு கிடையாது. பியூனஸ் ஐர்ஸில் இருக்கிற ஒரு பள்ளி ஆசிரியைக்கு அந்தப் பட்டன் ஒரு வரம். அவங்க இருபது வருஷச் சேமிப்பு தப்பிச்சிருக்கும். சொந்த அரசாங்கம் அவங்களை எத்தனை தடவை ஏமாத்தியிருக்கு. ஆனா அவங்க சம்பளம் பெசோவில் வருது, அவங்க அம்மாவின் பென்ஷன் பெசோவில் வருது, நாட்டுக்கு மருந்து இறக்குமதி பண்ண டாலர் வேணும். எல்லாரும் தப்பிச்சு ஓடினால், ஓட முடியாத இந்த மூணும் அங்கேயே நிற்கும். லிப்ராவால் கிடைக்கிற லாபம் ஆளாளுக்குத் தனித்தனியா வரும். நஷ்டம் மொத்தமா வந்து ஊர் தலையில் விழும். அந்த மொத்த நஷ்டத்துக்குப் பொறுப்பேற்க ஜெனீவாவில் யாரும் தேர்தலில் நிற்கலை.

இன்னொரு விஷயம் வட்டி. கூடையில் கிடக்கிற அந்த டாலரும் யூரோவும் சும்மா கிடக்காது, அரசுப் பத்திரங்களில் போட்டால் வட்டி வரும். அந்த வட்டி லிப்ரா வைத்திருக்கிற ஆளுக்கு வராது. சங்கத்தின் செலவுக்கும், முதலில் முதலீடு போட்ட உறுப்பினர்களுக்கு லாபப் பங்காகவும் போகும் என்று அவங்க அறிக்கையே சொன்னது. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா ஒரு நாட்டின் பணத்தை ஜனங்க கையில் வைத்திருக்கிறதாலேயே அந்த நாட்டு மத்திய வங்கிக்கு ஒரு வருமானம் உண்டு. நம்ம ரிசர்வ் வங்கி அதே 2019 ஆகஸ்டில் மத்திய அரசுக்குக் கொடுத்த உபரி 1,76,051 கோடி ரூபாய். முழுக்க அந்த வழியில் வந்தது இல்லை, ஒரு பங்கு அதிலிருந்து வந்தது. ஜனங்க ரூபாயை விட்டு வேறொரு பணத்துக்குப் போனால் அந்தப் பங்கும் கூடவே போகும். டெல்லி பட்ஜெட்டுக்குப் போக வேண்டியது ஊபருக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் போகும்.

ஒரு கம்பெனி சொந்தமா காசு அடிக்கிறது வரலாற்றில் புதுசும் இல்லை. சென்னையில் இருக்கிறவங்க தங்கசாலைப் பக்கம் போயிருப்பீங்க, சௌகார்பேட்டையில் சாப்பிடவாவது. அந்தப் பெயர் கிழக்கிந்திய கம்பெனியின் நாணயச் சாலையால் வந்தது. 1639-ல் உள்ளூர் நாயக்கர் கம்பெனிக்குக் கடற்கரையில் கோட்டை கட்ட இடம் கொடுத்தபோதே நாணயம் அடிக்கிற உரிமையும் கூடவே போச்சு. வியாபார வசதிக்குத்தான் கேட்டாங்க. 1835 வந்தபோது, கம்பெனி ஆட்சி நடந்த பகுதி முழுக்க ஒரே ரூபாய், அதில் இங்கிலாந்து ராஜாவின் தலை. ஃபேஸ்புக்கும் கிழக்கிந்திய கம்பெனியும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரலை, மார்க் ஸக்கர்பர்க்கிட்ட பீரங்கி கிடையாது. நாணயம் அடிக்கிற உரிமையை வெறும் வசதின்னு நினைச்சுக் கொடுக்கக் கூடாதுங்கிறது இந்த ஊர் மண்ணில் நடந்து முடிந்த பாடம், அவ்வளவுதான்.

சரி, லிப்ராவை நிறுத்தினது யார்? இந்தியாவா, அர்ஜென்டினாவா, கென்யாவா? இல்லை.

ஜூலை மாதம் அமெரிக்க செனட்டும் பிரதிநிதிகள் சபையும் மார்கஸைக் கூப்பிட்டு அடுத்தடுத்த நாள் விசாரித்தன. அதே மாதம்தான் ஃபேஸ்புக்குக்குத் தனியுரிமை மீறலுக்காக 500 கோடி டாலர் அபராதம் விழுந்தது. 'என் போட்டோவையே உன்னால ஒழுங்கா பாதுகாக்க முடியலை, என் பணத்தைத் தரணுமா?' என்பதுதான் எல்லாக் கேள்விகளின் சாரம். செப்டம்பரில் பிரான்ஸின் நிதியமைச்சர் ப்ரூனோ லெ மேர், ஐரோப்பிய மண்ணில் இதை அனுமதிக்க முடியாது என்றார். அக்டோபர் 8-ல் இரண்டு அமெரிக்க செனட்டர்கள் விசா, மாஸ்டர்கார்டு, ஸ்ட்ரைப் மூன்றுக்கும் கடிதம் போட்டாங்க. இதில் சேர்ந்தால் உங்க மத்த வியாபாரத்தையும் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கும் என்கிற தொனியில். மூணே நாள். விசா, மாஸ்டர்கார்டு, ஸ்ட்ரைப், ஈபே, மெர்காடோ பாகோ எல்லாம் ஒரே நாளில் கழண்டுகொண்டன. பேபால் அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே போயிருந்தது. கல்யாண மண்டபத்தில் பந்தி போடுறதுக்கு முன்னாடியே மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கிளம்பின மாதிரி ஆயிடுச்சு.

அக்டோபர் 23-ல் ஸக்கர்பர்க்கே வந்தார். கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அன்னைக்கு அவர் சொன்ன இரண்டு விஷயங்கள் எனக்கு மறக்கவே மறக்காது. ஒண்ணு, நாம செய்யலைன்னா சீனா செய்யும், லிப்ராவில் பெரும்பகுதி டாலர்தான், அதனால் இது அமெரிக்காவின் நிதித் தலைமையை இன்னும் விரிவாக்கும் என்கிற வாதம். ஜூனில் இது வங்கிக் கணக்கு இல்லாத ஏழையின் காசு. அக்டோபரில் இது டாலரின் படைவீரன். இரண்டாவது, அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் சம்மதிக்காமல் உலகத்தில் எந்த மூலையிலும் இதை வெளியிட மாட்டோம் என்கிற வாக்குறுதி. அங்கே இருந்தவங்களுக்கு அது ஆறுதல். ஆனா யோசிச்சுப் பாருங்க. குவாத்தமாலாவிலோ கானாவிலோ ஓட வேண்டிய ஒரு பணத்துக்கு அனுமதி வாஷிங்டனில். அது வேணும்னாலும் வேண்டாம்னாலும் அந்த நாடுகளின் குரலுக்கு அந்த அறையில் நாற்காலி இல்லை.

இந்தியா இதையெல்லாம் எப்படிப் பார்த்தது? இந்தியாவுக்கு ஃபேஸ்புக்கோட ஏற்கெனவே ஒரு கணக்கு பாக்கி இருந்தது.

2015 கடைசியில் ஃப்ரீ பேசிக்ஸ் ஞாபகம் இருக்கா? ஏழைகளுக்கு இலவச இன்டர்நெட் என்று முழுப்பக்க விளம்பரம் வந்ததே. இலவசம்தான், ஆனா ஃபேஸ்புக் ஒத்துக்கொண்ட தளங்கள் மட்டும். டிராய் கருத்துக் கேட்டது, ஃபேஸ்புக் தன் பயனாளிகளை விட்டே டிராய்க்கு மொத்தமாகக் கடிதம் அனுப்ப வைத்தது. 2016 பிப்ரவரி 8-ல் டிராய் அந்த மாதிரி பாரபட்சக் கட்டணம் எல்லாத்துக்கும் தடை போட்டது. இரண்டு நாள் கழித்து, ஃபேஸ்புக் இயக்குநர் குழுவில் இருந்த மார்க் ஆண்ட்ரீசன், காலனி ஆதிக்க எதிர்ப்புதான் இந்தியர்களின் பொருளாதாரத்தைக் கெடுத்தது என்கிற மாதிரி ட்விட்டரில் எழுதி, வாங்கிக் கட்டிக்கொண்டு, அழிச்சுட்டு மன்னிப்புக் கேட்டார். அவருடைய முதலீட்டு நிறுவனம் மூணு வருஷம் கழித்து லிப்ரா சங்கத்தின் நிறுவன உறுப்பினர்களில் ஒண்ணு. ஏழைகளுக்கு இலவச இன்டர்நெட், ஏழைகளுக்கு மலிவான பணம். டெல்லியில் இருந்தவங்களுக்கு இந்தக் குரல் பழக்கப்பட்ட குரல்.

அதனால் 2019 ஜூலையில் பொருளாதார விவகாரச் செயலர் சுபாஷ் சந்திர கர்க், தனியார் கிரிப்டோ நாணயம் நமக்கு ஒத்துவராது என்று சொன்னபோது யாரும் ஆச்சரியப்படலை. அவர் தலைமையிலான குழுவின் அறிக்கையும் அதே மாதம் வெளியானது. கூடவே ஒரு மசோதா வரைவு. கிரிப்டோ வைத்திருந்தால் பத்து வருஷம் வரை சிறை! சித்தப்பா காலத்து உண்டியல்காரங்களே இவ்வளவு பயந்திருக்க மாட்டாங்க. அந்த மசோதா சட்டமாகலை. கிரிப்டோ கம்பெனிகளோடு வங்கிகள் தொடர்பு வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் போட்ட சுற்றறிக்கையையும் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஒழுங்குமுறைன்னா எல்லாமே தொலைநோக்கு என்று நினைச்சுக்காதீங்க. பாதி நேரம் அது தெரியாததைப் பார்த்துக் கதவைச் சாத்துறதுதான்.

ஆனா இந்தியாகிட்ட தடையைவிடப் பெரிய பதில் ஒண்ணு இருந்தது. 2016 ஏப்ரலில் ரகுராம் ராஜன் தொடங்கி வைத்த யுபிஐ. எந்தக் கம்பெனியின் சொத்தும் இல்லாத ஒரு தண்டவாளம், எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் எந்த வங்கிக் கணக்குக்கும். ஸக்கர்பர்க் அமெரிக்க எம்.பி.க்கள் முன்னால் உட்கார்ந்திருந்த அதே 2019 அக்டோபரில்தான் யுபிஐ ஒரே மாதத்தில் 100 கோடிப் பரிவர்த்தனையைத் தாண்டியது. டீக்கடையில் ஸ்கேன் பண்ணிட்டு இருந்தவங்களுக்கு லிப்ரா என்ன புதுசா தந்திருக்கும்?

வாட்ஸ்அப்பும் அந்தத் தண்டவாளத்தில் ஓட வந்தது. 2018 பிப்ரவரியில் பத்து லட்சம் பேரோடு சோதனை. அப்புறம் காத்திருப்பு. பணப் பரிவர்த்தனைத் தகவல் எல்லாம் இந்தியாவுக்குள்ளேயே இருக்கணும்னு ரிசர்வ் வங்கி சொன்னது, ஃபேஸ்புக் இழுத்தது. இரண்டே முக்கால் வருஷம் கழித்து 2020 நவம்பரில் அனுமதி வந்தபோது, 40 கோடிப் பயனாளிகள் இருந்த செயலிக்கு 2 கோடிப் பேர் என்று வரம்பு. வரம்பை முழுசா எடுத்தது 2024 டிசம்பர் 31-ல்தான். அதுக்குள்ள சந்தை போயே போச்சு. யாருக்குப் போச்சு? வால்மார்ட் கையில் இருக்கிற போன்பேவுக்கும், கூகுள் பேவுக்கும். தண்டவாளம் நம்மது, ரயில் அதிகமும் அவங்களது. ஒரே செயலி 30 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாதுன்னு 2020-லேயே விதி போட்டாங்க. அமல்படுத்தும் தேதியைத் தள்ளித் தள்ளி 2026 டிசம்பர் வரைக்கும் கொண்டு வந்துட்டாங்க.

பிரேசில் இன்னும் வேகம். 2020 ஜூன் 15-ல் வாட்ஸ்அப் அங்கே பணம் அனுப்பும் வசதியைத் தொடங்கியது. சரியாக எட்டு நாள். ஜூன் 23-ல் பிரேசில் மத்திய வங்கி விசாவையும் மாஸ்டர்கார்டையும் கூப்பிட்டு நிறுத்து என்றது. சந்தையில் போட்டி கெட்டுவிடக் கூடாது, எல்லாரும் எல்லாருக்கும் அனுப்பக்கூடிய திறந்த அமைப்பு வேணும் என்பது காரணம். அது உண்மைதான், ஆனா முழு உண்மை இல்லை. மத்திய வங்கி பிக்ஸ் என்கிற தன் சொந்த அமைப்பை நவம்பர் 16-ல் திறக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. நடுவர், அவரே மைதானத்தில் ஒரு அணியும் வெச்சிருக்கார். வாட்ஸ்அப்புக்கு மறுபடி அனுமதி கிடைத்தது 2021-ல். அதற்குள் ஐந்து லட்சம் கணக்குக்கு மேல் வைத்திருக்கிற வங்கிகள் எல்லாம் கட்டாயமாகப் பிக்ஸில் சேர்ந்திருந்தன, தெருவில் சோளம் விற்கிறவர் வரைக்கும் அது போய்ச் சேர்ந்திருந்தது. நடுவர் பண்ணது நியாயமா என்று கேட்டால் எனக்கு உறுத்தல் இருக்கு. பலன் யாருக்குக் கிடைத்தது என்று கேட்டால், சோளக்காரருக்கு.

கென்யாவை விட்டுட்டுப் போக முடியாது. ஏன்னா அங்கே ஒரு மத்திய வங்கி நேர்மாறாக நடந்துகொண்டது. 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்கிற போன் கம்பெனி எம்-பெசாவைத் தொடங்கியபோது, அதற்கென்று ஒரு சட்டமே அங்கே கிடையாது. மத்திய வங்கி, ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டது. ஜனங்க போட்ட பணம் கம்பெனிக் கணக்கில் கலக்காமல் வங்கியில் தனி அறக்கட்டளைக் கணக்கில் இருக்கணும், அவ்வளவுதான். 2008 டிசம்பரில் பொறுப்பு நிதியமைச்சர் ஜான் மிச்சுகி தணிக்கைக்கு உத்தரவிட்டார். ஜனவரியில் பாதுகாப்பானதுதான் என்று முடிவு வந்தது. சட்டம் 2011-ல்தான் வந்தது. கொத்தனார் நைரோபியிலிருந்து கிராமத்தில் இருக்கிற அம்மாவுக்கு நிமிஷத்தில் பணம் அனுப்பினார். எம்-பெசாவும் ஒரு பெரிய கம்பெனி நடத்தின பணம்தான். ஆனா அதில் ஓடியது ஷில்லிங். மத்திய வங்கியால் எட்டிப் பிடிக்க முடிகிற தூரத்தில் இருந்தது. சஃபாரிகாமில் பெரிய பங்கு வைத்திருந்த வோடஃபோன், 2020 ஜனவரியில் லிப்ரா சங்கத்தை விட்டு விலகியது. காரணம், அந்தப் பணத்தையும் கவனத்தையும் எம்-பெசாவிலேயே போடப் போறோம் என்றார்கள். வங்கிக் கணக்கு இல்லாதவங்களுக்கான காசு எப்படி இருக்கும்னு உண்மையிலேயே தெரிந்த ஒரே உறுப்பினர் அவங்கதான்னு நினைக்கிறேன்.

மிச்சக் கதையை வேகமா சொல்லிடறேன். 2020 ஏப்ரலில் லிப்ரா புது அறிக்கை விட்டது. கூடைக் காசு நாடுகளின் பண இறையாண்மையில் குறுக்கிடலாம் என்கிற கவலையை அதுவே ஒத்துக்கொண்டு, டாலருக்குத் தனி, யூரோவுக்குத் தனி என்று பிரித்தது. டிசம்பரில் பெயரை டீயெம் என்று மாற்றியது. 2021-ல் ஜெனீவாவை விட்டு அமெரிக்காவுக்கே குடிபோனது. அதே வருஷம் அக்டோபர் 19-ல் அமெரிக்காவுக்கும் குவாத்தமாலாவுக்கும் இடையே பணம் அனுப்பும் சோதனை ஒன்றை ஃபேஸ்புக் தொடங்கியது. குவாத்தமாலாவுக்கு அந்த ஒரே வருஷத்தில் வெளிநாட்டில் உழைக்கிறவங்க அனுப்பினது 1,500 கோடி டாலருக்கு மேல். கடைசியில் சரியான வரிசைக்குத்தான் வந்திருந்தாங்க. ஆனா டீயெம்முக்கு இன்னும் அனுமதி இல்லை, வேறொரு கம்பெனியின் டாலர் காசை வாடகைக்கு எடுத்து ஓட்டினாங்க. அன்னைக்கே செனட்டர்கள் நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதினாங்க. 2022 ஜனவரி 31-ல் டீயெம் தன் சொத்துகளை சில்வர்கேட் என்கிற கலிஃபோர்னியா வங்கிக்கு விற்றது. அடுத்த வருஷம் மார்ச்சில் அந்த வங்கியே கடையைச் சாத்தியது. 2024 நவம்பரில் மார்கஸ் எழுதினார், எங்க திட்டத்தில் சட்டச் சிக்கல் எதுவும் மிச்சமில்லை, அரசியல்தான் கொன்றது என்று. அவர் தரப்பு அது.

லிப்ரா போனதால் அர்ஜென்டினாவும் நைஜீரியாவும் தப்பிச்சதா? டாலரோடு கட்டின வேற காசுகள், டெதர் மாதிரி, யாரையும் கேட்காமலேயே இரண்டு நாட்டு இளைஞர்களின் போனுக்குள்ளும் வந்துவிட்டன. நைஜீரிய மத்திய வங்கி 2021 பிப்ரவரியில் வங்கிகளுக்குத் தடை போட்டது, 2023 டிசம்பரில் தளர்த்தியது, 2024 பிப்ரவரியில் நைரா விழுந்தபோது பைனான்ஸ் கம்பெனியின் இரண்டு அதிகாரிகளைப் பிடித்து வைத்தது. தானே வெளியிட்ட இ-நைராவை ஜனங்க பெரிசாத் தொடவில்லை. நம்ம ஊர் டிஜிட்டல் ரூபாயும் 2022 டிசம்பர் 1 முதல் சோதனையில் இருக்கு, கேட்கிறவங்களில் யாராவது பயன்படுத்தியிருந்தா எனக்கு எழுதுங்க. 2025 ஜூலையில் அமெரிக்கா இந்த டாலர் காசுகளுக்கு முறையான சட்டமே கொண்டுவந்துவிட்டது. 2019-ல் ஸக்கர்பர்க் சொன்ன வாதம், டாலரின் படைவீரன் வாதம், ஆறு வருஷத்தில் அமெரிக்க அரசின் கொள்கை. ஆள்தான் வேற.

பணம் அனுப்பும் செலவு? உலக சராசரி இன்னும் 6 சதவீதத்துக்கு மேல்தான். 2030-க்குள் 3 ஆக்கணும்னு ஐ.நா. இலக்கு வைத்திருக்கு.

நடந்திருக்கிறது சின்னச் சின்னப் பாலங்கள். 2023 பிப்ரவரி 21-ல் யுபிஐயையும் சிங்கப்பூரின் பேநவ்வையும் இணைத்தாங்க. ஆரம்பத்திலேயே அங்கிருந்து பணத்தை வாங்கிப் போட்ட வங்கிகளில் சென்னையில் தலைமையகம் இருக்கிற இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் உண்டு. அமீரகத்தோடு இணைக்க அதே வருஷம் ஜூலையில் அபுதாபியில் ஒப்பந்தம் போட்டாங்க.

சித்தப்பா ஊர் திரும்பிப் பல வருஷம் ஆகுது. அவர் பையன், என் தம்பி முறை, இப்போ சிங்கப்பூரில் இருக்கான். முதல் தடவை அந்தப் பாலம் வழியா பணம் அனுப்பிட்டு உடனே போன் பண்ணியிருக்கான். சித்தப்பா கையில் போன் இருக்கும்போதே மெசேஜ் வந்து விழுந்திருக்கு. பையன் ரொம்பப் பெருமையா, "பாத்தீங்களாப்பா, ஒரு நிமிஷம் கூட ஆகலை" என்றானாம்.

சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொகையை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கேட்டாராம், "அது சரிடா, ரேட் என்ன போட்டான்?"